அரசு நிலம் யாருடைய நிலம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலம் என்று பேச்செடுத்தாலே பட்டா யார் பேரில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறோம். ஆனால் எந்தத் தனியாள் பேரிலும் இல்லாத நிலம் உலகில் மிகப் பெரிய பரப்பு: காடு, மேய்ச்சல் வெளி, ஆற்றுப்படுகை, கடற்கரை, சாலை, ஏரி, பாலைவனம், பள்ளிக்கூடம் நிற்கும் மனை, ராணுவப் பயிற்சிக் களம். இவை அரசின் கைக்கு எப்படி வந்தன, அரசு இவற்றை எப்படி நிர்வகிக்கிறது, எங்கே கோட்டை விடுகிறது என்று பலரும் கேட்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்திரத்தில் அரசின் பெயர் இருப்பது வெறும் தொடக்கம். அந்த நிலம் மக்களுக்கு மிஞ்சுமா என்பதை அதன் கணக்குப் புத்தகமும் அதை வெளியாருக்கு விடும்போது எழுதப்படும் நிபந்தனைகளும் தீர்மானிக்கின்றன. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றியே வரும்.

அரசு நிலம், பொது நிலம், புறம்போக்கு: மூன்றும் ஒன்றா?

இல்லை. புறம்போக்கு என்பது வரிக் கணக்குக்குப் புறத்தே நிறுத்திவைத்த நிலம். பாதை, ஓடை, களம், மேய்ச்சல், இடுகாடு என்று ஊருக்கே வேண்டியிருந்ததால் அதைத் தனியாருக்குக் கொடுக்காமல் ஒதுக்கினார்கள். எல்லாருக்கும் வேண்டியது என்று ஒதுக்கிய நிலத்தின் பெயர் நாளடைவில் ஒரு வசைச்சொல்லாகிவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. யாருக்கும் சொந்தமில்லாதது, கேட்பாரற்றது என்ற எண்ணம் அந்தச் சொல்லோடு சேர்ந்தே பரவியது.

அரசு நிலம் என்றால் உரிமையாளர் அரசு. அதிலும் இரண்டு வகை உண்டு. பிரெஞ்சுச் சட்டம் இந்தப் பிரிவைத் தெளிவாகவே செய்கிறது. சாலை, கடற்கரை போலப் பொதுப் பயன்பாட்டில் உள்ளதை விற்க முடியாது, எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் யாரும் சொந்தம் கொண்டாடவும் முடியாது. அரசு மற்ற உரிமையாளர்களைப் போல வைத்திருக்கும் நிலத்தை விற்கலாம், வாடகைக்கு விடலாம்.

பொது நிலம் என்பதோ இன்னும் அகலமான சொல். இங்கிலாந்தில் 'காமன்' என்று அழைக்கப்படும் நிலங்கள் பல ஒரு தனியார் பேரில்தான் இருக்கின்றன. ஆனாலும் ஆடு மாடு மேய்க்கவோ விறகு எடுக்கவோ சுற்றியிருப்பவர்களுக்கு உரிமை உண்டு. ஆக, உரிமை ஒருவரிடமும் பயன்பாடு பலரிடமும் இருக்கலாம்.

அரசுக்கு இவ்வளவு நிலம் எங்கிருந்து வந்தது?

போரில் வென்றது, விலைக்கு வாங்கியது, தனியாரிடமிருந்து கையகப்படுத்தியது, யாரும் உரிமை கோராததால் தங்கிப்போனது என்று பல வழி. இவற்றுள் கடைசி வழியைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். உரிமை கோர ஆளில்லை என்று எழுதிய பல இடங்களில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களிடம் காகிதம்தான் இல்லை.

1803-இல் அமெரிக்கா 1.5 கோடி டாலருக்கு பிரான்சிடமிருந்து லூசியானாவை வாங்கியது. 1867-இல் 72 லட்சம் டாலருக்கு ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை வாங்கியது. இரண்டு பேரத்திலும் அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த பழங்குடிகளை யாரும் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 1788-இல் பிரிட்டிஷார் குடியேறியபோது அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்றே கொள்ளப்பட்டது. டோரஸ் நீரிணையின் மெர் தீவைச் சேர்ந்த எடி மாபோவும் அவருடைய தோழர்களும் அதை எதிர்த்து வழக்காடினார்கள். 1992 ஜூன் 3 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அந்தக் கொள்கையைத் தூக்கி எறிந்தது. தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை. அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார். ஒரு கண்டத்தின் நிலக் கணக்கு 204 ஆண்டுகள் தப்பான வரியிலிருந்து தொடங்கியிருந்தது என்பதை ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் பிடித்தது.

எந்த நாட்டில் எவ்வளவு நிலம் அரசிடம் இருக்கிறது?

கனடாவில் ஏறக்குறைய 89 சதவீதம் அரச நிலம். அதில் மாகாணங்களின் பங்கு மத்திய அரசின் பங்கைவிடச் சற்றுக் கூடுதல். அமெரிக்க மத்திய அரசிடம் சுமார் 64 கோடி ஏக்கர், அதாவது நாட்டின் நிலத்தில் கால் பங்குக்கும் மேல் உள்ளது. ஆனால் அது நாடெங்கும் ஒரே மாதிரி இல்லை. நெவாடாவில் 80 சதவீதம் மத்திய அரசுடையது. ஐயோவாவில் ஒரு சதவீதம்கூட இல்லை. அரசு நிலம் பற்றி அந்த நாட்டின் மேற்கிலும் கிழக்கிலும் ஏன் வேறு வேறு குரல்கள் கேட்கின்றன என்பதற்கு இந்த ஒரு வேறுபாடே பெரும் விளக்கம். சிங்கப்பூரில் சுமார் 90 சதவீதம் அரசுடையது. சீனாவில் நகர நிலம் முழுவதும் அரசுக்கும், கிராம நிலம் பெரும்பாலும் கிராமக் கூட்டமைப்புகளுக்கும் சொந்தம். எத்தியோப்பியாவின் 1995 அரசியல் சட்டப்படி நிலம் அரசுக்கும் மக்களுக்கும் பொது; விற்கக் கூடாது.

அரசு என்கிறோமே, உண்மையில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

ஒரே அரசு, பல கைகள். அமெரிக்காவில் மேய்ச்சலும் சுரங்கமும் நடக்கும் வறண்ட வெளிகளை நில மேலாண்மைத் துறையும், காடுகளை வனச் சேவைத் துறையும், பூங்காக்களைத் தேசியப் பூங்காச் சேவையும், காட்டுயிர்ப் புகலிடங்களை மீன், வனவிலங்குச் சேவையும் கவனிக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே நோக்கம் கிடையாது. 1872-இல் அமைந்த யெல்லோஸ்டோன் போன்ற பூங்காவில் மரம் வெட்டி விற்கும் பேச்சுக்கே இடமில்லை. பக்கத்திலேயே இருக்கும் தேசியக் காட்டில் மரம், மேய்ச்சல், தண்ணீர், பொழுதுபோக்கு, காட்டுயிர் எல்லாவற்றுக்கும் இடம் தர வேண்டும் என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வேலியின் இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் இன்னொன்று; மானுக்கும் ஓடைக்கும் இது தெரியாது.

இந்தியாவில் வருவாய்த் துறை, வனத் துறை, பொதுப்பணித் துறை, ரயில்வே, பாதுகாப்புத் துறை, உள்ளாட்சி என்று கைகள் இன்னும் அதிகம். இரண்டு துறைகளுக்கு நடுவில் கிடக்கும் நிலம்தான் முதலில் பறிபோகும். இது என்னுடையது என்று சொல்ல இருவர் இருக்கும் இடத்தில் காவலுக்கு ஒருவரும் வருவதில்லை.

விற்பது நல்லதா, குத்தகைக்கு விடுவது நல்லதா?

அமெரிக்கா ஒரு காலத்தில் கொடுத்துத் தீர்க்கவே முனைந்தது. 1862-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் 160 ஏக்கரில் ஐந்து ஆண்டுகள் தங்கி உழுதால் நிலம் சொந்தம். இப்படி சுமார் 27 கோடி ஏக்கர் தனியார் கைக்குப் போனது. ஏழைக் குடியேறிகள் பல லட்சம் பேருக்கு அது வாழ்வு தந்தது. அதே நிலத்திலிருந்துதான் பழங்குடிகள் விரட்டப்பட்டார்கள். 1976-இல் சட்டம் திசை மாறியது. எஞ்சியதைப் பொதுவாக மத்திய அரசே வைத்துக்கொள்வது, தனித் தேவை இருந்தால் மட்டும் கொடுப்பது என்று முடிவானது.

குத்தகை முறையின் நன்மை, நிலம் என்றாவது திரும்பி வரும் என்பது. ஹாங்காங்கில் புனித யோவான் பேராலயம் நிற்கும் இடத்தைத் தவிர மற்ற நிலமெல்லாம் அரசின் குத்தகை. சீனாவில் நகர நிலத்தின் பயன்பாட்டு உரிமை வீட்டுக்கு 70 ஆண்டு, தொழிற்சாலைக்கு 50, வணிகத்துக்கு 40. வீட்டு உரிமை தானாகப் புதுப்பிக்கப்படும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் சேர்த்தது. சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகை.

காலம் முடியும்போது என்ன ஆகும்? சிங்கப்பூரின் கேலாங் லோரோங் 3 பகுதியில் 191 வீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. நிலம் அரசிடம் திரும்பியது. வீட்டுக்கு இழப்பீடு இல்லை. கேட்கக் கடுமையாக இருக்கிறது. ஆனால் நிபந்தனை முதல் நாளிலிருந்தே எழுத்தில் இருந்தது, அரசும் அதன்படி நடந்தது. பல நாடுகளில் குத்தகை முடிந்த நிலத்தைத் திரும்பக் கேட்கவே ஆளிருப்பதில்லை. குத்தகைக்காரரின் பேரன் அதை விற்றுக்கொண்டிருப்பான்.

நீண்ட குத்தகையில் இன்னொரு ஆபத்து, பின்வரும் தலைமுறையின் வருமானத்தை இன்றே எடுத்துச் செலவழிப்பது. சிகாகோ நகரம் 2008-இல் தன் தெருக்களின் வாகன நிறுத்தக் கட்டண உரிமையை 75 ஆண்டுகளுக்குச் சுமார் 115 கோடி டாலருக்கு விட்டுக்கொடுத்தது. நகரத்தின் தலைமை ஆய்வாளரே அதன் மதிப்பு இன்னும் ஏறத்தாழ 100 கோடி டாலர் அதிகம் என்று பின்னர் அறிக்கை தந்தார். வந்த பணத்தின் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே தீர்ந்துபோனது. குத்தகையோ 2083 வரை ஓடும். என்னைக் கேட்டால், ஒரு மனித ஆயுளைவிட நீளமான குத்தகை பாதி விற்பனைதான்.

பொது நிலத்திலிருந்து அரசுக்கு வருமானம் வருகிறதா?

வருகிறது, ஆனால் விலை நிர்ணயம் பல இடங்களில் காலத்தோடு உறைந்து கிடக்கிறது. அமெரிக்க அரசு நிலத்தில் ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய்வதற்கான குறைந்தபட்சக் கட்டணம் 1.35 டாலர். பல ஆண்டுகளுக்கு அந்தக் குறைந்தபட்சமே கட்டணமாகவும் இருந்தது. தங்கம், செம்பு போன்றவற்றை அரசு நிலத்திலிருந்து எடுப்பவர்கள் 1872-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி மத்திய அரசுக்கு ராயல்டி, அதாவது எடுக்கும் கனிமத்துக்கான பங்குத் தொகை, எதுவும் தருவதில்லை.

நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. அலாஸ்கா 1976-இல் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, கனிம ராயல்டியில் குறைந்தது 25 சதவீதத்தை ஒரு நிரந்தர நிதியில் போட வேண்டும் என்று வைத்தது. முதல் தொகையில் கை வைக்கக் கூடாது, அது ஈட்டும் வருமானத்தைச் செலவிடலாம். 1982 முதல் அங்கே குடியிருப்பவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் அதிலிருந்து ஒரு தொகை போகிறது. மண்ணுக்கடியில் இருப்பது ஒருமுறைதான் எடுக்கக் கிடைக்கும் என்று புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு இது.

ஓர் அரசு நினைத்தால் பொது நிலத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடலாமா?

நான் மிகவும் அக்கறை கொள்ளும் கேள்வி இது. இரண்டு அமெரிக்க வழக்குகளைச் சொல்கிறேன்.

1795-இல் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றம் சுமார் 3.5 கோடி ஏக்கரை வெறும் 5 லட்சம் டாலருக்குச் சில நிறுவனங்களுக்கு விற்றது. சட்டமன்ற உறுப்பினர்களில் பலர் லஞ்சம் வாங்கியிருந்தார்கள். மக்கள் கொதித்தெழுந்து அடுத்த தேர்தலில் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். புதிய சட்டமன்றம் 1796-இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்து, அதன் ஏட்டைப் பொதுவெளியில் எரித்தது. ஆனால் 1810-இல் உச்ச நீதிமன்றம், விற்றது விற்றதுதான், ஒப்பந்தத்திலிருந்து மாநிலம் பின்வாங்க முடியாது என்றது.

1869-இல் இல்லினாய் மாநிலம், சிகாகோ துறைமுகத்தை ஒட்டிய மிச்சிகன் ஏரியின் அடிநிலத்தை ஆயிரம் ஏக்கருக்கும் மேலாக ஒரு ரயில்வே நிறுவனத்துக்குத் தூக்கிக் கொடுத்தது. நான்கு ஆண்டுகளில் மனம் மாறி ரத்து செய்தது. பிறகு மாநிலமே வழக்குத் தொடுத்தது. 1892-இல் அதே உச்ச நீதிமன்றம் இம்முறை மாநிலத்தின் பக்கம் நின்றது. ஏரியின் அடிநிலம் மாநிலத்தின் கையில் இருப்பது மக்களுக்கான பொறுப்பாக. காவல் காப்பதைப் போல இந்தப் பொறுப்பையும் கை கழுவ முடியாது என்றது. 82 ஆண்டு இடைவெளியில் நீதி ஒரு பெரிய தூரம் நடந்திருக்கிறது.

இந்தக் கருத்தின் வேர் பழையது. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் தொகுப்பித்த ரோமச் சட்டம் காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை இயற்கையிலேயே எல்லாருக்கும் பொது என்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் இதே கோட்பாட்டைக் கையிலெடுத்தது. பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு விடுதிக்கு வன நிலம் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. விடுதியைக் காக்க ஆற்றின் போக்கையே திருப்ப முயன்றார்கள். நீதிமன்றம் குத்தகையை ரத்து செய்து, அரசு இத்தகைய வளங்களுக்கு அறங்காவலர் மட்டுமே என்று சொன்னது. கோயில் சொத்துக்கு அறங்காவலர் என்றால் என்ன பொருள் என்று நமக்கெல்லாம் தெரியும். விக்கிரகத்தை விற்க அவருக்கு உரிமை இல்லை.

ஆக்கிரமிப்பு எப்படி நடக்கிறது? பல வருடம் இருந்துவிட்டால் சொந்தமாகிவிடுமா?

கம்பும் கூரையும் வைத்து நடப்பது கண்ணுக்குத் தெரியும் ஆக்கிரமிப்பு. பெரிய அளவில் நடப்பது காகிதத்தில். பிரேசிலில் போலிப் பத்திரம் மூலம் நிலம் அபகரிப்பதற்கு 'கிரிலாஜெம்' என்று பெயர். 'கிரிலோ' என்றால் சில்வண்டு. புதிதாக எழுதிய பத்திரத்தைச் சில்வண்டுகள் நிறைந்த பெட்டிக்குள் போட்டு வைத்தால், அவை அரித்துக் கறைபடுத்தி ஒரு நூற்றாண்டுப் பழமையைக் கொடுத்துவிடுமாம். அமேசான் காட்டில் எந்தப் பயன்பாட்டுக்கும் இன்னும் வகைப்படுத்தப்படாத அரசு நிலங்கள்தான் இப்படி அதிகம் குறிவைக்கப்படுகின்றன. வகைப்படுத்தாமல் விட்ட நிலம் திறந்துவிட்ட வீடு.

பிறர் நிலத்தை நெடுநாள் அனுபவித்தே உரிமை பெறும் அனுபவ பாத்தியம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் தனியார் நிலத்துக்கு 12 ஆண்டு வரம்பு. அரசு நிலத்துக்கு 30 ஆண்டு. அமெரிக்க மத்திய அரசு நிலத்தில் எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்த வழியில் உரிமை பிறக்காது.

பணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்ற வழியும் பல இடங்களில் உண்டு. பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்கள் அப்படித்தான் கேட்டார்கள். 2011 ஜனவரி 28 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. கூடவே, நிலமற்ற தொழிலாளிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அரசு முறையாகக் கொடுத்த நிலத்துக்கும், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்கும் விலக்குக்கு இடம் வைத்தது. இந்த வேறுபாடு முக்கியம். தலை சாய்க்க இடமின்றி ஓடைக் கரையில் குடிசை போட்டவரையும் நூறு ஏக்கரை வளைத்து வேலி போட்டவரையும் ஒரே அறிவிப்பால் துரத்துவது நீதியாகாது. முன்னவருக்கு மாற்று இடம் கொடுத்த பிறகுதான் கடப்பாரையை எடுக்க வேண்டும்.

தனியார் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள முடியுமா?

முடியும். பொது நோக்கமும் உரிய இழப்பீடும் வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளின் விதி. பொது நோக்கம் என்றால் எது என்பதில்தான் சண்டை. 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூ லண்டன் நகர வழக்கில், தனியார் மேம்பாட்டுக்காக வீடுகளை எடுப்பதையும் 5-க்கு 4 என்ற கணக்கில் ஏற்றது. வீடுகள் போன பிறகு திட்டம் நடக்கவில்லை. இடம் பல ஆண்டுகள் வெற்றிடமாகக் கிடந்தது. இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம் வேண்டும் என்றது.

அரசைவிட ஊர்மக்களே நன்றாகப் பார்த்துக்கொள்வார்களா?

பொதுவில் இருப்பது பாழாய்ப் போகும், ஒவ்வொருவரும் ஒரு மாட்டைக் கூடுதலாக விடுவார் என்று 1968-இல் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதினார். அதை நம்பிப் பல அரசுகள் ஊர்ப் பொதுவைத் தம் வசம் எடுத்துக்கொண்டன. அமெரிக்க அரசியல் அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் பல நாட்டுக் கள ஆய்வுகளை ஆராய்ந்து, விதி வகுத்துக்கொண்டு தலைமுறைகளாகப் பொது நிலத்தைக் காத்த ஊர்களை எடுத்துக்காட்டினார். 2009-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அவர் எழுதிய ஊர்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் டோர்பெல். அங்கே 1517-ஆம் ஆண்டு விதி ஒன்று: குளிர்காலத்தில் உன் வைக்கோலால் எத்தனை மாட்டுக்குத் தீனி போட முடியுமோ அத்தனையைத்தான் மலைமேய்ச்சலுக்கு அனுப்பலாம். எண்ணிப் பார்க்க எளிது, ஏமாற்றக் கடினம். நல்ல நில விதிக்கு இதைவிடச் சிறந்த மாதிரியை நான் கண்டதில்லை.

நேபாளம் 1993-ஆம் ஆண்டு வனச் சட்டத்தால் காடுகளை ஊர்க் குழுக்களிடம் ஒப்படைத்தது. இன்று அத்தகைய குழுக்கள் 22,000-க்கும் மேல். நார்வே 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஃபின்மார்க் பகுதியின் ஏறத்தாழ 95 சதவீத நிலத்தை, சாமி என்னும் பழங்குடி மக்களின் பாராளுமன்றமும் வட்டார மன்றமும் சரிபாதியாக உறுப்பினர்களை அனுப்பும் ஓர் அமைப்புக்கு மாற்றியது. நியூசிலாந்து 2014-இல் இன்னும் தூரம் போய், தே உரெவெரா காட்டைச் சட்டத்தின்முன் ஓர் ஆளாகவே அறிவித்தது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கம் தோண்டலாமா என்பதை கிராம சபைகளே சொல்லட்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013-இல் விட்டது. கூடிய 12 சபைகளும் வேண்டாம் என்றன. உரிமையைக் காகிதத்தில் கொடுத்துவிட்டு முடிவெடுக்கும் அதிகாரத்தைத் துறை வைத்துக்கொண்ட இடங்களில் இப்படி நடப்பதில்லை.

ஓர் இடம் பொது நிலமா என்று எப்படி உறுதிசெய்வது?

அரசுக்கே எல்லாம் தெரியும் என்று எண்ண வேண்டாம். இந்தியப் பாதுகாப்புத் துறை தன்னிடமுள்ள ஏறக்குறைய 18 லட்சம் ஏக்கரையும், விடுதலைக்குப் பின் முதல்முறையாக, 2018-இல் தொடங்கிய ஓர் அளவையில்தான் முழுதாக அளந்து முடித்தது. ஆகவே நீங்கள் கேட்பது தப்பில்லை.

முதலில் நில அளவை எண்ணைக் கண்டுபிடியுங்கள். அந்த எண்ணுக்கு உரிமைப் பதிவேடு, அளவை வரைபடம், வகைப்பாடு மூன்றையும் பாருங்கள். பிறகு கிடைக்கிற மிகப் பழைய வரைபடத்தை எடுத்து இன்றையதோடு ஒப்பிடுங்கள். ஓடை, குளம், பாதை என்று இருந்தது எந்த ஆண்டில் வகை மாறியது, எந்த ஆணையால் மாறியது என்று தேடுங்கள். குத்தகையில் இருந்தால் ஒப்பந்தத்தின் நகலைத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் போன்ற வழியில் கேளுங்கள். முடிவுத் தேதி, வாடகை, நிபந்தனை மூன்றும் அதில் இருக்கும். வகை மாற்றிய ஆணையின் எண்ணைத் துறையால் காட்ட முடியவில்லை என்றால், அந்த இடத்தில் நின்றுகொண்டு எல்லைக் கல்லைத் தேடத் தொடங்க வேண்டிய நேரம் அது.